கல்லில் எழுதிய கணக்கு
(பள்ளிக் கலைச் சுற்றுலா பற்றிப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்)



ஓவிய வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துப் போகிறோம் என்று பள்ளிகளிலிருந்து அனுமதிச் சீட்டு வருகிறது. நம் மஹல்லாவில் பல வீடுகளில் அது கையெழுத்தாகாமலேயே கிடக்கிறது. "படம் பார்க்க எதற்கு அவ்வளவு தூரம்?" என்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் அந்தக் கேள்விகூட இல்லை. சீட்டு அப்படியே திரும்பிப் போய்விடுகிறது.

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அந்த விவாதத்திற்குள் நாம் போகவில்லை. ஓவியம் வரைந்து பிழைத்த ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு சொன்னதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். கட்டடம், கொடி, கோலக்கணக்கு, எழுத்தணி எல்லாம் அதில் அடங்கும். சென்னையில் பிள்ளைகள் பார்க்கப்போவதில் பெரும்பகுதி இதுதான்.

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலையே எடுத்துக்கொள்வோம். ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரால் 1795-இல் எழுந்தது. இரும்போ மரமோ சேர்க்காமல் கருங்கல்லால் கட்டப்பட்டது என்பார்கள். மிஹ்ராபுக்கு அருகே கல்லில் பொறித்துள்ள வாசகத்தை எழுதியவர் நவாபின் முன்ஷி ராஜா மக்கன்லால், ஒரு ஹிந்து. "திக்ருல்லாஹி அக்பர்" என்ற சொற்களுக்குள் கட்டிய ஆண்டையே அவர் வைத்துவிட்டார். அப்ஜத் கணக்கு தெரிந்த பிள்ளைகள் கூட்டிப் பார்க்கட்டும். தால் 700, காஃப் 20, ரா 200, ஆக 920. அல்லாஹ் என்ற சொல்லுக்கு 1, 30, 30, 5, ஆக 66. அக்பருக்கு 1, 20, 2, 200, ஆக 223. மொத்தம் 1209, அதுவே ஹிஜ்ரி ஆண்டு. அரபியும் கணிதமும் சித்திரமும் ஒரே கல்லில் இருக்கின்றன. மதரஸாவிலேயே சொல்லிக்கொடுத்து அனுப்பினால் நம் பிள்ளை மற்ற பிள்ளைகளுக்கு விளக்கும்.

சற்று நடந்தால் சேப்பாக்கம் அரண்மனை, 1768-இல் அதே நவாப் கட்டியது. அந்த வளைவுகளும் குவிமாடங்களும் பிறகு ஆங்கிலேயருக்கே பாடமாயின. சிஸோம் என்ற கட்டடக் கலைஞர் 1870-களில் கட்டிய பல்கலைக்கழக செனட் மண்டபத்தையும் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இர்வின் வடிவமைத்த சிவப்புக் கட்டடத்தையும் பாருங்கள். இரண்டாவதன் முகப்பு அக்பரின் புலந்த் தர்வாஸாவை நினைவூட்டும். அது 1909-இல் திறக்கப்பட்டது. பிறகு தேசியக் கலைக்கூடமானது. வளாகத்தில் செப்புத் திருமேனிகளும் உள்ளன. வணங்குவதற்கு அல்ல, வார்ப்பு நுட்பத்தை அறியவே பள்ளி காட்டுகிறது. வரலாற்றுப் பாடத்தில் உள்ளதுதானே. 

இதில் பிழைப்பும் இருக்கிறது. கட்டடக் கலைப் பட்டம் ஐந்தாண்டுப் படிப்பு. அதற்கான நாட்டா நுழைவுத் தேர்வில் வரையும் திறனையும் சோதிக்கிறார்கள். கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியும் பென்சில் பிடித்துப் பழகாத பிள்ளைகள் அங்கே தடுமாறுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் அந்தப் பழக்கத்தை அவசரத்தில் உண்டாக்க முடியாது.

கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு கொடுத்தனுப்புங்கள். கைப்பேசியில் நூறு படம் எடுப்பதைவிட ஒரு வளைவை உட்கார்ந்து வரைவது மேல். பெண் பிள்ளைகளோடு ஆசிரியைகள் எத்தனை பேர் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், தொழுகைக்கும் உணவுக்கும் என்ன ஏற்பாடு என்று பள்ளியில் நேரே போய்க் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் திருப்தியாக இருந்தால் மகனுக்குப் போடும் கையெழுத்தை மகளுக்கும் போடுங்கள். கட்டணம்தான் தடை என்றால் சீட்டைத் திருப்பி அனுப்புமுன் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வாருங்கள். விவரம் வெளியே போகாது.