வயிற்றுச் சிகிச்சையும் காப்பீட்டுப் பணமும்

தாயில்பட்டி வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலே பலருக்கும் பிழைப்பு. தீப்பட்டு வயிற்றுத் தோல் சுருங்கினால் நிமிர்ந்து நிற்பதும் கடினமாகும். பிள்ளைப்பேற்றுக்குப்பின் வயிறு சரிந்ததே என்று வருந்தும் தாய்மாரோ எங்கும் உண்டு. இவ்விருவரும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாமா? காப்பீட்டில் பணம் கேட்கலாமா?

குலாப் போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்குப் பொருத்தினார்கள். அது துர்நாற்றமெடுக்கவே, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் இந்தச் சலுகை! ஆகவே குறையைச் சீர்செய்வது கூடும். அழகு ஒன்றையே நாடிப் படைப்பை மாற்றுவது கூடாது என்பர் உலமாக்கள்.

காப்பீட்டு விதியும் ஏறக்குறைய இதுவே. 2019-ல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவிதிப்படி, தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப்பின் செய்யும் சீரமைப்புக்கு இத்தடை இல்லை. உடனடி ஆபத்தை நீக்க அவசியம் என்று மருத்துவர் சான்றளித்தாலும் தடை இல்லை.

எனவே, தீக்காயத் தழும்பால் அவதியுறுபவர் தயங்காமல் கேட்கலாம். அது அவருடைய ஹக்கு. குடலிறக்கம் உள்ள தாயும் வெட்கப்பட்டு நோயை மறைக்க வேண்டாம். ஆனால் சரிந்த வயிற்றை அழகுக்காகக் குறைத்துவிட்டு, "குடலிறக்கம்" என்று சான்று எழுதி வாங்குவது பொய்ச்சாட்சி, அப்பணம் ஹராம். எழுதிக் கொடுத்த மருத்துவருக்கும் அதில் பங்குண்டு.

சகோதரிகளே! மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஹலாலான வழியிலேயே சுகம் பெற அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.