செஞ்சி வெயிலுக்கு ஒரு பருத்தி லேஸ் சால்வை: முழுமையான வழிகாட்டி

சால்வை என்றதும் ஊட்டிக் குளிரும் கம்பளியும் நினைவுக்கு வரும். செஞ்சியில் கம்பளிக்கு வேலையில்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படியேறும்போது பிடரியில் வெயில் படாமல் இருக்க வேண்டும். அமாவாசை இரவில் மேல்மலையனூர்க் கோயிலில் விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மார்கழிப் பனியில் கோலம் போட வேண்டும். ஏசி பேருந்தில் சென்னை போக வேண்டும். இதற்கெல்லாம் தோளில் கனக்காத பருத்திச் சால்வை ஒன்று போதும். அதை ஒரே ஒரு குரோஷே ஊசியில் நாமே பின்னிவிடலாம். இதுவரை ஊசியே பிடித்ததில்லையா? பரவாயில்லை, முதலிலிருந்தே போவோம்.

இந்தக் கலை நமக்குப் புதிதா?

இல்லை. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போனது. அது சிறு கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் வகை. நாம் பின்னப்போவது கொக்கி ஊசி வகை. இதிலும் தமிழ்நாடு பெயர் வாங்கியிருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு, 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது.

எந்த வடிவம்?

முக்கோணம். மேல் விளிம்பின் நடுவில் தொடங்கி, வரிசைக்கு வரிசை பெரிதாக்கிக்கொண்டே போவோம். பத்தாவது வரிசையில் நிறுத்தினாலும் முக்கோணம்தான், ஐம்பதாவதில் நிறுத்தினாலும் முக்கோணம்தான். நூல் தீர்ந்துவிட்டால் கழுத்துக்கட்டு, மிச்சமிருந்தால் சால்வை. அளவு தப்பிவிடுமோ என்ற கவலை இதில் இல்லை. புதியவர்களுக்கு இதையே சொல்வதற்குக் காரணம் அதுதான்.

என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்?

நூல்: மெர்சரைஸ் செய்த பருத்திக் குரோஷே நூல், 10-ஆம் எண். எண் கூடக் கூட நூல் மெலியும். 20-ஆம் எண் அழகாக இருக்கும், ஆனால் முதல் சால்வைக்குக் கண்ணும் பொறுமையும் நிறையக் கேட்கும். 10-ஆம் எண்ணில் ஒரு கிராமுக்கு ஐந்து மீட்டருக்குச் சற்றுக் கூடவே கிடைக்கும். நமக்குத் தேவை ஏறக்குறைய 550 மீட்டர். 50 கிராம் உருண்டை மூன்று வாங்கினால் தாராளம்.

ஊசி: 2.5 மில்லிமீட்டர். இந்த நூலுக்கு வழக்கமாக இதைவிடச் சின்ன ஊசிதான் எடுப்பார்கள். நாம் வேண்டுமென்றே பெரிதாக எடுக்கிறோம். கண்ணி தளர்ந்தால்தான் காற்று புகும், துணியும் துவளும்.

இவற்றோடு சின்னக் கத்தரி, மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி, துருப்பிடிக்காத குண்டூசிகள். கடைக்குக் கடை விலை மாறும். மொத்தமாக 500 முதல் 800 ரூபாய் கையில் இருந்தால் தைரியமாகத் தொடங்கலாம். தையல் சாமான் கடையில் முதலில் விசாரிப்போம். கிடைக்காவிட்டால் திண்டிவனம், புதுச்சேரி, அல்லது ஆன்லைன். எங்கே வாங்கினாலும் மூன்று உருண்டையிலும் ஒரே லாட் எண் இருக்கிறதா என்று பார்ப்போம். லாட் மாறினால் வெள்ளையில்கூட நிறம் வேறுபடும்.

கற்க வேண்டிய மூன்று தையல்கள்

செயின்: ஊசியில் ஒரு கண்ணி. நூலைக் கொக்கியில் பிடித்து அந்தக் கண்ணி வழியாக இழுத்தால் ஒரு செயின்.

சிங்கிள் குரோஷே: ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் இரண்டு கண்ணி. மறுபடி நூலைப் பிடித்து இரண்டின் வழியாகவும் இழுக்கிறோம்.

டபுள் குரோஷே: முதலில் நூலை ஊசியில் ஒருமுறை சுற்றுகிறோம். பிறகு நுழைத்து இழுத்தால் மூன்று கண்ணி. நூலைப் பிடித்து முதல் இரண்டின் வழியாக, மறுபடி பிடித்து மீதி இரண்டின் வழியாக இழுக்கிறோம். சால்வை முழுக்க இதுதான் முக்கால் வேலை.

நேரே சால்வையில் இறங்க வேண்டாம். மிச்ச நூலில் இரண்டு மூன்று நாள் கை பழக்குவோம். இடது ஆள்காட்டி விரலில் நூல் ஒரே இழுவிசையில் ஓடத் தொடங்கியதும் புறப்படலாம்.

பின்னலாம் வாருங்கள்

தொடக்கம்: 4 செயின். ஊசியை முதல் செயினில் நுழைத்து, நூலைப் பிடித்து எல்லாவற்றின் வழியாகவும் இழுத்தால் சின்ன வளையம் கிடைக்கும்.

வரிசை 1: 4 செயின். வளையத்துக்குள் 2 டபுள், 3 செயின், 2 டபுள், 1 செயின், 1 டபுள். திருப்புகிறோம். நடுவில் உள்ள 3 செயின்தான் சால்வையின் முதுகெலும்பு. அதில் ஒரு வண்ண நூலைக் கட்டி வைப்போம்.

வரிசை 2: 4 செயின். முதல் இடைவெளியில் (செயினுக்கு அடியில் உள்ள ஓட்டையில்) 2 டபுள், பிறகு 2 செயின். நடு இடைவெளியில் 2 டபுள், 3 செயின், 2 டபுள். பிறகு 2 செயின். கடைசி இடைவெளியில் 2 டபுள், 1 செயின். முந்தைய வரிசையின் தொடக்கத்தில் போட்ட 4 செயினில் மூன்றாவதில் 1 டபுள். திருப்புகிறோம்.

வரிசை 3 முதல்: இதேதான். நடுவுக்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு இடைவெளியிலும் 2 டபுள், ஜோடிக்கு ஜோடி நடுவே 2 செயின். நடு இடைவெளியிலும் இரு ஓரங்களிலும் வரிசை 2-இல் செய்தது போலவே.

சரியாகத்தான் போகிறதா?

எந்த வரிசையோ, நடுவுக்கு ஒவ்வொரு பக்கமும் அத்தனை ஜோடி இருக்க வேண்டும். பத்தாவது வரிசையில் இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 10. ஒன்று குறைந்தால் பெரும்பாலும் ஓரத்துக் கடைசி இடைவெளியைத் தவற விட்டிருப்போம். ஐந்து வரிசைக்கு ஒருமுறை எண்ணினால் பிரிக்கும் வேலை மிச்சம்.

எத்தனை நாள் ஆகும்?

துவைத்து விரித்துக் காய்ந்தபின் ஒரு வரிசைக்கு அகலம் கிட்டத்தட்ட 3 செ.மீ. கூடும். 50 வரிசையில் ஒன்றரை மீட்டரை நெருங்கிவிடுவோம். அதற்குள் ஜோடிகளில் மட்டும் 5,100 டபுள். நிமிடத்துக்கு ஐந்து போட்டால் 17 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரத்துக்குள் முடியும்.

ஒரு விஷயத்தை மனதில் வைப்போம். 25-ஆவது வரிசையில் பாதி முடிந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் கால்வாசிதான். வரிசை நீண்டுகொண்டே போவதால் 35-இல்தான் பாதி நூல் தீரும். பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான்.

ஓரம் கட்டுவது

15 கிராம் நூல் மிச்சமிருக்கும்போதே வரிசையை நிறுத்துவோம். இரு கீழ் விளிம்புகளிலும் ஒவ்வொரு இடைவெளியிலும் 2 சிங்கிள், 3 செயின், 2 சிங்கிள். கூர்முனையில் மட்டும் இதை இரண்டு தடவை போடலாம். நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியால் பின்னலுக்குள் நுழைத்து மறைக்கிறோம்.

விரித்துக் காயவைப்பது

பின்னி முடித்ததும் சால்வை சுருங்கிச் சோர்ந்துதான் கிடக்கும். பயம் வேண்டாம். தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்துகிறோம். மெத்தைமேல் துணி விரித்து, மேல் விளிம்பை நேராக இழுத்து, கூர்முனையைத் தாழ இழுத்து, ஓரமெங்கும் குண்டூசி குத்துகிறோம். நிழலில் காயட்டும். செஞ்சி வெப்பத்துக்கு ஒரு பகல் போதும். கொஞ்சம் விறைப்பு வேண்டுமென்றால் அலசும் தண்ணீரில் வடிகஞ்சியை நீர்க்கக் கலக்கலாம்.

கவனம்!

அமெரிக்க முறையில் டபுள் எனப்படும் தையலைப் பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள் என்பார்கள். வேறு பேட்டர்ன் எடுக்கும்போது எந்த முறை என்று முதலில் பார்க்க வேண்டும்.

சிவப்பு, கருநீல நூலை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. சாயம் இறங்கினால் ரவிக்கையும் போகும்.

கொலுசு, வளையல், கோட்டைப் படியோரத்து முள் எல்லாமே லேஸை இழுக்கும். மாட்டிய கண்ணியை வெட்டாமல், ஊசியால் பக்கத்துக் கண்ணிகளுக்குள் நகர்த்திச் சரிசெய்யலாம்.

விற்கலாமா?

2025-இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வரும் பயணிகளிடம் விற்கலாமே என்று தோன்றுவது இயல்பு. விலை வைக்கும்போது நூல் காசை மட்டும் கணக்கிட வேண்டாம். ஆந்திராவின் நரசாபூரில் குரோஷே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய ஆய்வு நூல் 1982-இல் வந்தது. வீட்டிலிருந்தபடி அவர்கள் செய்த உழைப்பு ‘ஓய்வுநேர வேலை’ என்று பெயர் பெற்றதால் கூலி எப்படி அடிமட்டத்தில் நின்றது என்பதை அது காட்டியது. ஆகவே நூல் விலையோடு 17 மணி நேரக் கூலியையும் கூட்டி விலை சொல்வோம். அந்தத் தொகை கிடைக்காவிட்டால் முதல் சால்வையை நாமே போர்த்திக்கொள்வோம். இரண்டாவது சால்வைக்கு 20-ஆம் எண் நூலில் ஒரே ஒரு உருண்டை வாங்கிப் பழகலாம். ஊசியை மட்டும் ஒரு படி சின்னதாக எடுத்தால் போதும். பேட்டர்ன் இதேதான்.