எச்சரிக்கையால் நின்றுபோன கெர்னல் பில்ட்: சரிசெய்வது எப்படி?

பெங்களூரு சிப் நிறுவனங்களில் லினக்ஸ் கெர்னல் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. கோடில் ஓரெழுத்தும் மாறியிருக்காது. கம்பைலரைப் புதுப்பித்ததும் பில்ட் நின்றுவிடும். எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கருதும் ‘வெரர்’ அமைப்பே காரணம். 2021 செப்டம்பரில், 5.15 பதிப்புக்காக, லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எல்லா பில்டுகளுக்கும் இயல்பாக இயக்கினார். பல பில்டுகள் உடைந்ததால், சில நாட்களிலேயே அது சோதனை பில்டுகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. ‘ஆல்மாட்கான்ஃபிக்’ கொடுத்தால் இன்றும் தானாக இயங்கும்.

1. முதல் பிழையைத் தேடுங்கள். பல வேலைகள் ஒன்றாக ஓடும்போது செய்திகள் கலந்துவிடும். ஒரே வேலையாக ஓட்டி, வெளியீட்டைக் கோப்பில் சேமியுங்கள். கோப்பின் பெயர், வரி எண், சதுர அடைப்புக்குள் இருக்கும் எச்சரிக்கையின் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பழைய கம்பைலரில் அதே கோடை ஓட்டுங்கள். அங்கே பில்ட் முடிந்தால், புதிய கம்பைலர் கொண்டுவந்த புதுச் சோதனை இது என்பது தெளிவு.

3. கோடைத் திருத்துங்கள். நான்கு பைட் அணியில் நான்கு எழுத்துச் சரத்தை வைத்தால், முடிவைக் குறிக்கும் பூஜ்யத்துக்கு இடமில்லை என்று 2025-இல் வந்த ஜிசிசி 15 எச்சரிக்கிறது. தவறுதலாக அப்படி எழுதியிருந்தால் அணியை ஒரு பைட் பெரிதாக்குங்கள். ஏசிபிஐ அட்டவணைக் குறியீடுகளைப் போல வேண்டுமென்றே எழுதியது என்றால், ‘நான்ஸ்ட்ரிங்’ என்று அறிவியுங்கள்.

4. கோடு உங்களுடையது இல்லையா? மெயின்லைனில் அந்தக் கோப்பின் கமிட் வரலாற்றைப் பாருங்கள். திருத்தம் ஏற்கெனவே வந்திருந்தால், அதை உங்கள் கிளைக்குக் கொண்டுவாருங்கள்.

5. அவசரமா? ‘கேசிஃப்ளாக்ஸ்’ வழியாக அந்த ஓர் எச்சரிக்கையை மட்டும் பிழைப் பட்டியலிலிருந்து விலக்குங்கள். மெனுகான்ஃபிக்கின் ‘ஜெனரல் செட்டப்’ பகுதியில் வெரரை முழுதாக அணைப்பது கடைசி வழி.

6. இரண்டு கம்பைலர்களிலும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். பேட்சை அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பும்போது கம்பைலர் பதிப்பு, ஆர்க்கிடெக்சர், முழு எச்சரிக்கை வரி ஆகியவற்றைச் சேருங்கள்.

நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் ஓடும் திரையில் உண்மையான கோளாறு ஒன்று வந்தாலும் கண்ணில் படாது. வெரர் அதைத் தடுக்கத்தான் இருக்கிறது. வேறு வழியின்றி அணைத்தால், காரணத்தையும் எப்போது மீண்டும் இயக்குவீர்கள் என்பதையும் கமிட் செய்தியில் தவறாமல் எழுதுங்கள்.