மெழுகுவர்த்தியைத் தானாக அணைக்கும் கருவி: வடிவமைப்பது எப்படி?

கரண்ட் போனதும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். கரண்ட் வந்ததும் அதை மறந்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறோம். சில சமயம் தூங்கியும் விடுகிறோம். திரைச்சீலை ஒருமுறை சுடரில் பட்டால் போதும், தீப்பிடித்துவிடும். இதைத் தடுக்கும் சிறு கருவி ஒன்றை எப்படித் திட்டமிடுவது என்று இந்த மாதம் பார்ப்போம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் கேட்கும் கேள்வி, "இது பாதியில் நின்றுபோனால் என்ன நடக்கும்?" என்பதுதான். இங்கும் அதிலிருந்தே தொடங்குவோம்.

அமைப்பு

மெழுகுவர்த்தி ஒரு கண்ணாடி ஜாடிக்குள் இருக்கட்டும். ஜாடியின் வாய்க்குக் கீல் வைத்த இரும்பு மூடி. மூடியை ஒரு ஸ்பிரிங் எப்போதும் மூடவே இழுக்கும். ஒரு மின்காந்தம் அதைத் திறந்தபடி பிடித்திருக்கும். மின்சாரம் நின்றால் காந்தம் பிடியை விடும், மூடி மூடிக்கொள்ளும், காற்று கிடைக்காமல் சுடர் அணையும்.

மோட்டார் வைத்து மூடலாமே என்று கேட்கலாம். பேட்டரி தீர்ந்தால் மோட்டார் சுற்றாது. சுடர் எரிந்துகொண்டே இருக்கும். நம் அமைப்பில் பேட்டரி தீர்ந்தாலும், வயர் அறுந்தாலும் சுடர் அணையும். இதற்கு 'ஃபெயில் சேஃப்' என்று பெயர். 1872-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் உருவாக்கிய ரயில் ஏர் பிரேக்கும் இதே வகைதான். குழாயில் காற்றழுத்தம் குறைந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்.

புரோகிராம்

இதற்கு 'ஆர்டுவினோ ஊனோ' என்ற சிறு போர்டு போதும். யுஎஸ்பி கேபிளால் உங்கள் கம்ப்யூட்டருடன் இணைத்துப் புரோகிராமை ஏற்றலாம். அதற்கான சாப்ட்வேர் இலவசம்.

1. பட்டனை அழுத்தினால் காந்தத்துக்கு மின்சாரம் கொடு, நேரத்தைக் குறித்துக்கொள்.
2. 2 மணி நேரம் ஆகிவிட்டதா? மின்சாரத்தை நிறுத்து.
3. ஜாடி சாய்ந்துவிட்டதா? மின்சாரத்தை நிறுத்து.
4. இரண்டும் இல்லையென்றால் மீண்டும் 2-க்குப் போ.

நேரத்தைக் கணக்கிட 'டிலே' கட்டளை வேண்டாம். அது முடியும்வரை புரோகிராம் அங்கேயே காத்திருக்கும். ஜாடி சாய்ந்தாலும் தெரியாது. 'மில்லிஸ்' கட்டளையில் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மற்ற வேலையையும் தொடரலாம்.

சாய்வு ஸ்விட்ச், ஜாடி நேராக நிற்கும்போது இணைந்தும் சாய்ந்தால் பிரிந்தும் இருக்கட்டும். அப்போது அதன் வயர் அறுந்தாலும் சாய்ந்ததாகவே புரோகிராம் எடுத்துக்கொள்ளும்.

புரோகிராமே உறைந்துபோனால்? சிப்பில் உள்ள 'வாட்ச்டாக் டைமர்' வசதியை இயக்கி வைத்தால் அது போர்டை ரீசெட் செய்யும். காந்தம் விட்டுவிடும், மீண்டும் பட்டனை அழுத்தும்வரை மூடி திறக்காது.

கவனிக்க

* காந்தத்தை நேரடியாகப் பின்னில் இணைக்காதீர்கள். ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதல்ல. டிரான்சிஸ்டர் வழியாக இணைத்து, காந்தத்துக்குக் குறுக்கே ஒரு டயோடும் போடுங்கள்.
* தண்ணீர் தெளித்து அணைக்கும் அமைப்பு வேண்டவே வேண்டாம். உருகிய மெழுகு தெறித்துச் சுடும்.

முதல் பயிற்சிக்கு நெருப்பே வேண்டாம். 'டிங்கர்கேட்' இணையதளத்தில் இலவசமாகவே இந்தச் சர்க்யூட்டை வரைந்து ஓட்டலாம். காந்தத்துக்குப் பதில் எல்இடி வையுங்கள். 2 மணி நேரத்தை 10 விநாடியாக மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு வயராக நீக்கிப் பாருங்கள். எதை நீக்கினாலும் எல்இடி எரியக் கூடாது. எரிந்தால் வடிவமைப்பில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

கருவி செய்து முடித்த பிறகும் பழைய விதிகள் மாறுவதில்லை. தீப்பற்றும் பொருட்களிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். அறையை விட்டுப் போகும்போது நீங்களே அணைத்துவிடுங்கள்.