மாத்திரை அட்டை

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு உள்ளது. அதை ஒட்டி ஆரியசாலை. அங்கே பல தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்படி ஒரு வீட்டில் நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

பாட்டிக்கு மனச்சோர்வு. டாக்டர் அமிட்ரிப்டிலின் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்ட பிறகு தூக்கம் வந்தது. பேச்சும் சிரிப்பும் திரும்பின.

ஒரு நாள் மாலை. மாத்திரை அட்டை கட்டிலில் கிடந்தது. மூன்று வயதுப் பேரன் அதைப் பிரித்துத் தின்றுவிட்டான். மருமகள் ஓடி வந்தாள்.

"அத்தே, இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

"இல்லையே! ராத்திரிதானே போடுவேன்."

பக்கத்து வீட்டு மதினி சொன்னாள்: "உப்புத் தண்ணி கொடு. வாந்தி எடுத்தா சரியாயிடும்."

"பிள்ளை விளையாடிக்கிட்டுதானே இருக்கான். கொஞ்சம் பார்ப்போம்" என்றார் பாட்டி.

மருமகள் இரண்டையும் கேட்கவில்லை. உடனே 108-க்குப் போன் செய்தாள். அட்டையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

வழியிலேயே பிள்ளைக்கு மயக்கம் வந்தது. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத் துடிப்பு கெட்டிருந்தது. நரம்பு வழியாக சோடியம் பைகார்பனேட் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்தான்.

ஏன் இந்த அவசரம்?

இந்த வகைப் பழைய மாத்திரைகள் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். முதலில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரத்துக்குள் நிலைமை மோசமாகலாம். வலிப்பும் வரலாம். புதிய வகை மாத்திரைகளில் ஆபத்து பொதுவாகக் குறைவு. ஆனாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி இல்லாதவரையும் பல மணி நேரம் வைத்துக் கவனிப்பார்கள்.

அறிகுறிகள்

• தூக்கக் கலக்கம், உளறல்
• வாய் உலர்தல், கண்மணி விரிதல்
• படபடப்பு
• கை கால் நடுக்கம், அதிக வியர்வை, காய்ச்சல்
• வலிப்பு, நினைவு இழத்தல்

செய்ய வேண்டியவை

• 108-ஐ அழையுங்கள்.
• மயங்கியவரை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.
• மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.
• அட்டையை எடுத்துச் செல்லுங்கள். எப்போது, எத்தனை தின்றார் என்று சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

• வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி மூச்சுக் குழாயில் போகலாம்.
• உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள்.
• அடுப்புக் கரியைக் கொடுக்காதீர்கள். மருத்துவமனையில் தரும் கரி மருந்து வேறு.

பெரியவர்கள் தெரிந்தே அதிகமாகச் சாப்பிடுவதும் உண்டு. அவரைத் திட்டாதீர்கள். தனியே விடாதீர்கள். போலீஸுக்குப் பயந்து மறைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. மனம் தளரும்போது 14416 என்ற எண்ணில் பேசலாம். அது இலவசம்.

பாட்டி மருந்தை நிறுத்தவில்லை. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இப்போது மாத்திரை பூட்டிய பெட்டியில் இருக்கிறது. சாவி மருமகளிடம்.

சிந்திப்போம்

1. மதினி சொன்னதை ஏன் கேட்கக் கூடாது?
2. அட்டையை ஏன் எடுத்துச் செல்ல வேண்டும்?
3. உங்கள் வீட்டில் மாத்திரைகள் எங்கே இருக்கின்றன? பிள்ளையின் கைக்கு எட்டுமா?