வகுப்பில் மூன்று வெளிநாட்டு மாணவர்கள்

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் இந்த ஆண்டு தான்சானியா, சூடான், நேபாளத்திலிருந்து மூன்று மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் ஒன்றாகவே உட்காருகிறார்கள். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். எப்படி உதவுவது?
– ஒரு விரிவுரையாளர், ஐயப்பன்தாங்கல்

பதில்: கடினமான இடம் வந்ததும் நம் விளக்கம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் தாவிவிடும். அவர்கள் பாடத்தைத் தவறவிடுவது அங்கேதான். தமிழில் சொன்னதை ஆங்கிலத்திலும் இரண்டு வரி சொல்லி, முக்கியச் சொற்களைப் பலகையில் எழுதுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். "இந்தக் கணக்கில் அடுத்த படி என்ன?" என்று கேளுங்கள்.

லேப் குழுக்களை நீங்களே பிரித்து, மூவரையும் வெவ்வேறு குழுவில் சேருங்கள். இன்டர்னல் மார்க், அரியர், ரெக்கார்டு நோட்டு எல்லாம் நமக்குத் தண்ணீர்பட்ட பாடு, அவர்களுக்குப் புதிது. ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நேபாள மாணவருக்கு விசா தேவையில்லை. மற்ற இருவரும் 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்திருந்தால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் (எஃப்.ஆர்.ஆர்.ஓ.) இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். அதற்கான போனஃபைட் சான்றிதழ் கல்லூரி அலுவலகத்தில் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மாணவர் படிக்கும் கல்லூரிகளில் அவர்களுக்கென்று தனி அலுவலகம் வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது; முதல்வரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.

பொங்கல் விடுமுறையில் ஹாஸ்டல் மெஸ்ஸை மூடினால் இவர்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்பதையும் இப்போதே வார்டனிடம் பேசி வையுங்கள்.