இடது மரைக்கு எந்த டார்க் ரெஞ்ச்?

ஐடிஐ வகுப்புகள் தொடங்கும் பருவத்தில் சென்னை பாரிமுனை டூல்ஸ் கடைகளுக்கு அப்பாவும் பையனுமாக வருகிறவர்களைப் பார்க்கலாம். பையன் கைப்பேசி வீடியோவைக் காட்டி, "டக்குனு சத்தம் வருமே, அதான் வேணும்" என்பான். அப்பாவோ, "இருக்கறதுலயே பெருசா குடுங்கண்ணே, நாளைக்கு லாரி வேலைக்கும் ஆகட்டும்" என்பார். அந்த டார்க் ரெஞ்ச் எதிர்ச்சுற்றிலும் இறுக்கத்தை அளக்குமா என்று இருவரில் ஒருவரும் கேட்பதில்லை.

எதிர்ச்சுற்றில் இறுகும் இடது மரை அபூர்வமான பொருளில்லை. சைக்கிளின் இடது பெடல், பெரும்பாலான சைக்கிள்களில் கிராங்க் அச்சின் வலப்பக்கக் கப், பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்க நட்டு, யமஹா பைக்கின் வலது கண்ணாடி எல்லாம் இடது மரைதான். பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டைப் பிரித்தால், கிராங்க் முனையில் ஆயில் பம்பை ஓட்டும் வோர்ம் நட்டும் அப்படியே. மிதிக்க மிதிக்கப் பெடல் தானே கழன்றுவிடாமல் இருக்கத்தான் இடது பெடலுக்கு இந்த ஏற்பாடு. விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் 1900-இலேயே இதைத் தங்கள் சைக்கிளின் சிறப்பாக விளம்பரம் செய்தார்கள்.

டார்க் ரெஞ்சுகளில் டயல் வகை இரு பக்கமும் அளக்கும். ஆனால் அது பரிசோதனைக் கூடத்துக்கானது, விலையும் அதிகம். டிஜிட்டலும் பெரும்பாலும் இரு பக்கமும் அளக்கும். கோணம் பார்த்து முறுக்க வேண்டிய ஹெட் போல்ட் வேலை தினமும் வருகிற பட்டறைக்கு அது சரி. பேட்டரி பார்த்து வைத்துக்கொள்ளும் ஒழுங்கு மட்டும் வேண்டும்.

என் வழக்கு முழுக்கக் கிளிக் ரெஞ்சோடுதான். குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங். குறித்த அளவு வந்ததும் உள்ளே இருக்கும் கட்டை சாய்ந்து 'டக்' என்கிறது. பல மாடல்களில் அந்தச் சாய்வு வலச்சுற்றுக்கு மட்டுமே. தலையில் உள்ள ராட்செட் நெம்பைத் திருப்பினால் எதிர்ப்பக்கமும் சுற்றும், ஆனால் அளக்காது. பையனுக்கு இது தெரியாது. இடது பெடலை எதிர்ச்சுற்றில் இறுக்கிக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருப்பான். சத்தம் வராது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்துவான். அலுமினியக் கிராங்க் என்றால் மரை உரிந்து கையோடு வரும். இடது மரையைப் புதிதாக வெட்டும் டாப் எல்லாக் கடையிலும் கிடைக்காது.

இதைவிட மோசமான கூத்து ஒன்று உண்டு. இடது மரை என்பதையே மறந்து, பழக்கத்தில் வலப்பக்கம் முறுக்குகிறவன் உண்மையில் நட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். துருப்பிடித்த நட்டு அசைய மறுக்கும். ரெஞ்ச் தன் கடமையைச் சரியாகச் செய்து 'டக்' என்னும். இறுகிவிட்டது என்று அவன் அடுத்த வேலைக்குப் போய்விடுவான். சத்தத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளப் பழக்குகிற கருவியைப் படிக்கிற பிள்ளையின் கையில் முதலில் கொடுக்கலாமா?

அப்பா கேட்கிற 'பெருசு' இன்னொரு வம்பு. ஐஎஸ்ஓ 6789 தரத்தின்படி இந்த ரெஞ்சுகளின் துல்லியம், உச்ச அளவில் 20 சதவீதத்துக்கு மேல்தான் சோதிக்கப்படுகிறது. 210 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் என்றால் 42-க்குக் கீழே அதற்கு உத்தரவாதமில்லை. சைக்கிள் பெடலுக்கு வேண்டியது ஏறக்குறைய 35 முதல் 40. லாரிக்கு வாங்கிய ரெஞ்ச் பெடலுக்கு ஆகாது.

எனக்கு முள் ரெஞ்ச்தான். ஒரு நீண்ட கம்பி வளையும், பக்கத்தில் வளையாத முள் ஸ்கேலில் அளவு காட்டும். பூஜ்யம் நடுவில் இருப்பதால் இடமோ வலமோ அதற்கு ஒன்றுதான். ஸ்பிரிங் தளர்கிற பயமில்லை. முள் விலகிவிட்டால் மெல்ல வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். விலையும் குறைவு. முள்ளுக்கு நேர் மேலே கண் வைத்துப் பார்க்க வேண்டும், ராட்செட் கிடையாது, சந்துபொந்துக்குள் நுழையாது. உண்மைதான். ஆனால் இறுக்கம் படிப்படியாக ஏறுவதைக் கண் பார்க்கும்போதே கையும் கற்றுக்கொள்கிறது. மரை சரியாக ஏறாமல் சிக்கினால் முள் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் வாங்கினான் என்பது காரணமல்ல. உங்கள் பிள்ளை போல்ட்டை முதலில் கையால் நாலு சுற்று ஏற்றிப் பார்க்கிறானா, மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்க்கிறானா என்று கவனியுங்கள். அந்த நிதானம் இருப்பவனுக்குச் சாதாரணக் கருவியும் போதும். இல்லாதவனுக்கு அதைப் பழக்குங்கள். வேகம் இரண்டாம் வருஷத்தில் தானாக வரும்.

இவ்வளவு சொல்லியும் கிளிக் ரெஞ்ச்தான் வேண்டும் என்றால், தலையில் இரு பக்கமும் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். கேலிப்ரேஷன் சான்றிதழை வாங்கி, எதிர்ச்சுற்று அளவுகளும் அதில் இருக்கின்றனவா என்று படியுங்கள். இல்லையென்றால், கடைக்காரர் எத்தனை சலுகை தந்தாலும், இடது மரைக்காக அதை வாங்காதீர்கள்.